மேகம்

எங்கள் பக்கம் மேகம் என்றால்
அண்ணாந்து பார்ப்பார்கள்.
நான் குனிந்து பார்த்தேன்,
பென்னாகரம் பஸ் ஸ்டாண்டுக் கழிப்பறையில்
தாழ்ப்பாள் இல்லாத கதவை
முழங்காலால் அழுத்திக்கொண்டு.

நுனிக்குக் கீழே ஒரே ஒரு புண்.
சட்டைப் பொத்தான் அளவு.
ஓரம் தடித்து, தொட்டால் கெட்டியாக.
வலி இல்லை.
அதனால் ஆறு நாள் அதை
ஜீன்ஸ் உரசியது என்று நம்ப முடிந்தது.

ராய்ப்பூர்ப் பக்கம் ஏழு மாதம் ரிக் வண்டியில்.
எண்ணூறு அடி, தொள்ளாயிரம் அடி,
ஊரான் தோட்டத்துக்கெல்லாம் தண்ணீர்.
ஊர் திரும்பும் முன் ஒரு சம்பள ராத்திரி,
ரோட்டோரம் ஒரு தகரக் கதவு.
அவள் பேரை நான் கேட்கவில்லை.
தீர்த்தகிரி என்று நானும் சொல்லவில்லை.

மெடிக்கல் கடையில் கூட்டம் கலையும்வரை
கொசுவத்தி விலை கேட்டுக்கொண்டிருந்தேன்.
"அரிப்புங்களா?"
தலையாட்டினேன்.
ஒரு களிம்பு, பேர் கிழிந்த அட்டையில் நாலு மாத்திரை.
மூன்றாம் வாரம் புண் ஆறிவிட்டது.
முனியப்பனுக்குச் சேவல் அறுத்தேன்.
மாதம்மாவிடம் போனேன்.

பிறகு வந்தன உள்ளங்கையில் செம்புள்ளிகள்.
உள்ளங்காலிலும்.
அரிக்கவே அரிக்காத புள்ளிகள்.

தர்மபுரி பெரியாஸ்பத்திரியில்
அந்த அறைக்குச் சுகவாழ்வு மையம் என்று பேர்.
ஆலோசகர் மெகருன்னிசா
ரேஷன் கார்டு நம்பர் கேட்பதுபோலக் கேட்டார்:
எத்தனை பேர், எப்போது, உறை போட்டீர்களா.
திட்டுவார் என்று வாங்கி வைத்திருந்த பொய்கள்
செலவாகாமல் அப்படியே இருந்தன.

டாக்டரம்மா டார்ச் அடித்துப் பார்த்தார்.
"அங்க வர்ற எல்லாப் புண்ணும் ஒண்ணில்லப்பா.
கொத்தாக் கொப்புளம் வந்து உடைஞ்சு எரிஞ்சா அது ஒரு வைரஸ்.
சீழும் வலியுமா இருந்தா வேற கிருமி.
சிலருக்கு வலி மாத்திரை ஒத்துக்காம
ஒவ்வொரு தடவையும் அதே இடத்துல வெடிக்கும்.
மாசக்கணக்கா ஆறலேன்னா
சதை எடுத்துப் புத்தான்னு பார்க்கணும்.
கண்ணால பார்த்து முடிவு பண்ண முடியாது.
ரத்தம் சொல்லட்டும்."

"ஆறிப்போச்சுங்களே?"
"ஆறல. உள்ள இறங்கிருச்சு."

இது எனக்குத் தெரிந்த சங்கதி.
மேல்மண் காய்ந்து கிடக்கிறதே என்று
எந்த ரிக்காரன் வண்டியைத் திருப்புகிறான்?

ரத்தம் சொன்னது: சிபிலிஸ்.
ஒன்றுக்கு அறுபத்து நாலு.
எச்ஐவி இல்லை,
மூணு மாசம் கழிச்சு அதையும் திரும்பப் பார்க்கணும்.
ஒத்துக்கொள்கிறதா என்று முன்கையில் ஒரு சொட்டு,
அப்புறம் பென்சிலின்,
இடுப்புக்கு ஒன்றாக இரண்டு பக்கமும்,
கெட்டித் தயிர்போல மெல்ல இறங்கியது.
அரைமணி பெஞ்சில் உட்காரவைத்தார்கள்.
"ராத்திரி காய்ச்சல் அடிக்கலாம், பயப்படாதீங்க.
வீட்டுக்காரம்மாவைக் கூட்டிட்டு வாங்க.
அவங்களுக்குப் போடலேன்னா உங்களுக்குப் போட்டது வீண்."

காய்ச்சல் அடித்தது.
மாதம்மா நெற்றியில் ஈரத்துணி போட்டாள்.
"எதுக்கு ஊசி?"
சொன்னேன்.
துணியை எடுத்தாள். பிழிந்தாள்.
கொடியில் உதறிக் காயப்போட்டுவிட்டு
உள்ளே போனாள்.

காலையில் எனக்கு முன்னால்
பஸ் நிறுத்தத்தில் நின்றாள், ஆதார் அட்டையோடு.
பெண்கள் பக்கத்து சீட்டில் ஏறிக்கொண்டாள்.
இண்டூர் தாண்டியும் திரும்பவில்லை.
அவள் ரத்தத்திலும் இருந்தது.
"வலிக்குதாம்மா?" என்று நர்ஸ் கேட்டதும்
அவள் சொன்னதும் திரைக்கு இந்தப்புறம் கேட்டது:
"இந்த ஊசி வலிக்கலீங்க."

மூன்று மாதம்.
சோறு இருந்தது, பேச்சு இல்லை.
அறுபத்து நாலு எட்டாக இறங்கியது.
எச்ஐவி அப்போதும் இல்லை.
டாக்டரம்மா முதல்முறையாகச் சிரித்தார்.

நேற்று ரிக் போபாலுக்குக் கிளம்பியது.
தொப்பூர்க் கணவாயில் டீ குடிக்க நிறுத்தியபோது
பையைத் திறந்தேன்.
மடித்த பனியன்களுக்கு நடுவே
மையத்தில் சும்மா கொடுக்கிற ஆணுறை, முழுப் பெட்டி.
அதன் அடியில் ஆஸ்பத்திரிச் சீட்டு,
அடுத்த ரத்தப் பரிசோதனைத் தேதியைச் சுற்றி
பால்பாயிண்டில் அவள் போட்ட வட்டம்,
காகிதம் கிழியும் அளவுக்கு அழுத்தி.

அதற்குள் வந்துவிடு என்கிறாளா,
அதுவரை வராதே என்கிறாளா,
தெரியவில்லை.